சளி தீரவில்லை, சர்க்கரை இறங்கவில்லை

"இன்னுமா இருமுறே?" இந்த மழைக்காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மதுரையிலிருந்து நாத்தனார் போனில் கேட்பார். கீரைக்கார அம்மா கேட்டுக்குள் கூடையை இறக்கி வைத்ததுமே கேட்பார். எதிர்வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பார். கேட்பதோடு விட்டால் பரவாயில்லை, கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் வரும். மிளகை நெய்யில் வறுத்துச் சாப்பிடு, ஏசியை நிறுத்து, டாக்டரை மாத்து. இதைவிடச் சுலபமாக எல்லோரும் சொன்னது: "மாத்திரையை மாத்தித் தரச் சொல்லு."

மாற்றித்தான் தந்தார்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் என் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. பிபி அதற்குத் தங்கை மாதிரி பின்னாலேயே வந்தது. வீசிங் சின்ன வயதிலிருந்தே உண்டு. கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை. தாம்பரம் பக்கம் சேலையூரில் எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற ஆசிரியை. நோயாளியாக மட்டும் நல்ல அனுபவம் சேர்ந்திருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் போகிற சளி எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. காரணம் ரொம்பச் சிக்கலானதல்ல. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால், கிருமியைத் துரத்த வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். கிருமி உள்ளே வந்துவிட்டாலோ, அதை எதிர்க்க உடம்பு சுரக்கிற ஹார்மோன்கள் சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்கிற கூட்டணி இது. நான் ஒரு வேளை கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுத்த நாளில்கூட வெறும் வயிற்றுச் சர்க்கரை 240 காட்டியது. "நீ ஒளிச்சு வெச்சு எதையோ சாப்பிடுறே" என்றார் வீட்டுக்காரர். கிளூக்கோமீட்டரைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் டாக்டர் விளக்கினார், காய்ச்சலும் தொற்றும் இருக்கிறவரை சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும் என்று. இந்தக் கூட்டணிக்கு வெளியிலிருந்து ஆதரவும் உண்டு. வீசிங்குக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். நெபுலைசர் மருந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். இருமலில் தூக்கம் போனால் பிபி ஏறும்.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு அருகே ஒரு கிளினிக்கில் எனக்கு ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக்காக எழுதித் தந்தார்கள். ஒரு கோர்ஸ் முடியும், இருமல் கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். போனால் அடுத்தது "கொஞ்சம் பவர் அதிகமானது" வரும். பெயர் சொல்ல விரும்பவில்லை, அங்கே இருப்பவர் நல்ல மனிதர், ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கதவைத் திறப்பார். ஆனால் ஒரு தடவைகூட "சளியை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லவில்லை. கொடுத்ததில் ஒன்று லிவோஃப்ளாக்சசின். அதில் இரண்டு சிக்கல். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சர்க்கரையைச் சட்டென்று இறக்கவும் செய்யும், ஏற்றவும் செய்யும். அதைவிடப் பெரியது, அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவிடும். உள்ளே டிபி இருந்தால் நோயாளிக்குத் தேவலை போலத் தோன்றும், கண்டுபிடிப்பது தள்ளிப் போகும்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. 2012-ல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடி, இந்த மருந்துகளை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதன் பெயரே சென்னைப் பிரகடனம். 2014-லிருந்து வலுவான பல ஆன்டிபயாடிக்குகள் எச் 1 என்ற தனிப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனி ரெஜிஸ்டரில் எழுதி வைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள், அதற்கும் இதே எச்சரிக்கைதான் பொருள். ஆனாலும் பழைய சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிற காலம் இது.

கடைசியில் மகள் பிடிவாதம் பிடித்து ஒரு நுரையீரல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள். போனில் பேசிய பெண் ஒரு நிபந்தனை சொன்னார்: "வீட்டுல இருக்கிற எல்லா மருந்தையும் எடுத்துட்டு வரணும்மா. சீட்டு இல்ல, மருந்தையே." ஜவுளிக்கடைப் பை ஒன்றில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் நாடியும் பிடிக்கவில்லை, ஸ்டெத்தும் வைக்கவில்லை. முதல் வேலையாகப் பையை மேஜையில் கவிழ்த்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படித்து, சீட்டாட்டத்தில் ஜோடி சேர்ப்பது போலப் பிரித்து வைத்தார். வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இருந்த இரண்டு அட்டைகள் ஒரே ஜோடியாகச் சேர்ந்தன. அலர்ஜி மாத்திரை. காலையில் ஒரு பெயரிலும் ராத்திரி இன்னொரு பெயரிலும் ஒரே மருந்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பகல் முழுக்க ஏன் அப்படித் தூக்கம் தள்ளியது என்பது அப்போதுதான் விளங்கியது. இருமல் சிரப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் இருக்கு, உங்க பிபிக்கு ஆகாது. சர்க்கரைப் பாகு வேற" என்று ஒதுக்கினார். கிளாரித்ரோமைசினையும் என் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டையும் சேர்த்து யாரு போடச் சொன்னாங்க?" யாரும் சேர்த்துப் போடச் சொல்லவில்லை. ஒன்றை ஒரு டாக்டர் எழுதினார், மற்றதை இன்னொருவர் எழுதினார். இரண்டும் என் வயிற்றில்தான் சந்தித்தன. கிளாரித்ரோமைசின் இருக்கும்போது அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கிவிடுமாம், தசை வலி வருமாம். கால் குடைச்சலை நான் முதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஸ்டெத் வைத்தார், எக்ஸ்ரே பார்த்தார். வலது பக்கம் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. "பேர் தெரியாம இனிமே ஒரு மாத்திரைகூட மாத்த வேண்டாம். முதல்ல சளி டெஸ்ட். சாதாரணக் கிருமிக்கும் பார்ப்போம், டிபிக்கும் பார்ப்போம்."

வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. "நமக்கெல்லாம் எப்படி டிபி வரும்?" என்று வீட்டுக்காரர் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நாத்தனாரிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவசரத் தீர்மானம் ஒன்றும் நிறைவேறியது. தாம்பரத்தில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படுவதுதான் வேடிக்கை. தினமும் எத்தனை ஆயிரம் பேர் சானடோரியம் ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறோம்! மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள், சித்தா ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் பிடிக்கிறவர்கள். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று தெரிந்தும், அந்தக் காசநோய் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போவதென்றால் மட்டும் முகத்தில் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

அந்த ஆஸ்பத்திரி 1928-ல் டாக்டர் டேவிட் ஜேக்கப் சௌரி முத்து தொடங்கியது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோய் சானடோரியம் நடத்தியவர், ஊர் திரும்பி பச்சைமலை அடிவாரத்தில் இதைக் கட்டினார். மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எச்ஐவி வந்தவர்களைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிய தொண்ணூறுகளில் கதவைத் திறந்து சேர்த்துக்கொண்டதும் இந்த ஆஸ்பத்திரிதான். இன்று எழுநூறுக்கு மேல் படுக்கைகள் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. டிபிக்கு மட்டுமல்ல, ஆஸ்துமா, சிஓபிடி, நிமோனியா என்று நெஞ்சு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அங்கே பார்க்கிறார்கள்.

சௌரி முத்துவைப் பற்றிப் படித்தபோது இன்னொரு விஷயம் கிடைத்தது. கணித மேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குப் போன நெவாசா கப்பலில் இவரும் பயணம் செய்திருக்கிறார். பிற்பாடு ராமானுஜன் உடம்பு கெட்டு மெண்டிப் மலை சானடோரியத்தில் போய்ச் சேர்ந்தது இவரிடம்தான். ராமானுஜனுக்குக் காசநோய் என்றுதான் பள்ளியில் நாங்கள் படித்தோம், நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஆனால் அன்றைக்கே டாக்டர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி, அது கல்லீரலில் இறங்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் அதற்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. 1920-ல் சேத்துப்பட்டில் அவர் இறந்தபோது வயது 32. ஊகத்தில் நோய்க்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதே சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிப் பேர் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானவர்கள் கிட்டத்தட்டச் சரிசமம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-ல் முடிவு வெளியானதும் உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. டிபி வந்தவரைக் காட்டுக்கோ மலைக்கோ அனுப்ப வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டுதான், டெஸ்ட்டுக்குப் போகக்கூட நாம் தயங்குகிறோம்.

சர்க்கரைக்காரர்கள் தயங்கவே கூடாது. சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை என்பது அரசாங்கமே வகுத்த விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இலவசமாகச் செய்வார்கள். டிபி என்று தெரிந்தால் மருந்தும் இலவசம், சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும்.

நான் சளியை சானடோரியத்திலேயே டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன். காலையில், பல் தேய்ப்பதற்கு முன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, மரத்தடியில் ஆள் இல்லாத பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார் சிஸ்டர். முதலில் நான் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, "எச்சிலைக் கொண்டு வந்திருக்கீங்கம்மா. மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சு, அடி வயித்துலேர்ந்து இருமுங்க" என்று இன்னொரு டப்பா தந்தார். எச்சில் போனால் ரிசல்ட்டில் ஒன்றும் தெரியாது, கெட்டியாக வரும் சளிதான் வேண்டும். இரண்டாவது தடவை வந்ததைப் பார்த்து அவர் தலையாட்டியபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. சிபிநாட் என்கிற மெஷினில் போட்டால் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டே மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

டிபி இல்லை என்று வந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்று ஒன்று வளர்ந்தது, சர்க்கரைக்காரர்களின் நுரையீரலில் அடிக்கடி குடியேறுகிற ஆசாமியாம். எந்த மருந்துக்கு அது பணியும், எதற்குப் பணியாது என்றும் அந்தத் தாளிலேயே பட்டியல் இருந்தது. நான் அதுவரை விழுங்கியவற்றில் பெரும்பாலானவை 'பணியாது' பக்கத்தில் இருந்தன. கேட்கிற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். கூடவே சர்க்கரைக்குத் தற்காலிகமாக இன்சுலின். இன்சுலின் என்றதும் நான் பதறினேன். "இது உங்க சளிக்குத்தாம்மா போடுறேன். சர்க்கரை இறங்காம சளி தீராது" என்றார் டாக்டர். அப்படித்தான் நடந்தது. சர்க்கரை இருநூறுக்குக் கீழே நிற்க ஆரம்பித்த பிறகுதான் மருந்து வேலை செய்வதே தெரிந்தது.

கஷாயத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். நானும் விடவில்லை. தூதுவளை ரசம், கற்பூரவல்லி, சுக்கு மிளகு தண்ணீர் எல்லாம் தொண்டைக்கு இதம், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிபி ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும், பிபிக்காரர்கள் வாயில் அடக்கிக்கொண்டே திரியக் கூடாது. தாளிசாதி சூரணத்தில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம், தேனில் குழைத்தால் இன்னும் கூடும். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் 2005-லிருந்து இதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்த டாக்டர்கள் பார்க்கிறார்கள். அவர்களிடமும் மருந்துப் பையைக் கவிழ்த்துக் காட்டுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். கடைசியில் பிபிக்குச் சாப்பிட்ட எனலாப்ரில்தான் காரணம் என்று தெரிந்தது. மாத்திரையை டாக்டர் மாற்றினார், இருமல் தானாகப் போய்விட்டது.

காற்றும் சுவரும் தனிக் கதை. ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதி, தெருமுனையில் குப்பை எரிக்கிற புகை, போகி அன்று பழைய பாய், டயர் புகை. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது வேளச்சேரி, துரைப்பாக்கம் பக்கம் வீசிங்காரர்கள் பட்ட பாடு மறக்காது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழை வெள்ளம் வடிந்தாலும் சுவரின் ஈரம் மாதக்கணக்கில் வடியாது. கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கும், அதை மறைக்க பீரோவை நகர்த்தி வைப்போம். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: "படுக்கிற ரூம்ல சுவர் ஓதமா இருக்கா?" கட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். கொசுவர்த்திக்கு ஓய்வு கொடுத்து வலை கட்டினோம். சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் நான் மொட்டை மாடியில் இருக்கும்போது.

தேறுவதற்குத்தான் பொறுமை வேண்டும். காய்ச்சல் போன பிறகும் இருமல் சில வாரம் இருக்கும். எக்ஸ்ரேயில் திட்டு மறைய வயதானவர்களுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அவசரப்பட்டு வாராவாரம் எக்ஸ்ரே எடுத்தால் மனசுதான் கெடும். ஆனால் ஒன்றரை மாதம் கழித்து ஒருமுறை கண்டிப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும், திட்டுக்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்ய. மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள், குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்ப வேண்டும். முதலில் ஒரு பந்து லேசாக அசைந்ததோடு சரி. பேரன் அதைப் பிடுங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கிவிட்டு "ஈஸி பாட்டி" என்றான்! இன்ஹேலரை ஸ்பேசர் வைத்து இழுப்பதும், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவதும் சின்ன விஷயம்தான். கொப்பளிக்காவிட்டால் ஸ்டீராய்டு தங்கி நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், சர்க்கரைக்காரர்களுக்கு அது சீக்கிரம் வரும்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் தெரிந்தால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால், போன காய்ச்சல் திரும்பி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வயதானவர்களுக்கு நிமோனியாவிலும் காய்ச்சலே வராமல் போகலாம். திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தே கிடப்பது மட்டும் தெரியும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் ஹேண்ட்பேகில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். என்ன நோய், என்ன மாத்திரை (கம்பெனிப் பெயர் இல்லை, மருந்துப் பெயர்), எத்தனை மில்லிகிராம், எது ஒத்துக்கொள்ளாது, கடைசி சர்க்கரை அளவு. எந்த டாக்டரிடம் போனாலும் அவர் பேனாவை எடுப்பதற்கு முன் அதை நீட்டிவிடுவேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் சர்க்கரை, பிபி மாத்திரை கொண்டுவந்து தருகிற சிஸ்டரிடமும் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "எல்லா வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்தா எங்க வேலை பாதியாயிடும்மா" என்றார்.

கடைசியாகத் தடுப்பூசி. சர்க்கரை, வீசிங், வயது மூன்றும் உள்ளவர்களுக்கு வருடா வருடம் ஃப்ளூ ஊசியும், நிமோகாக்கல் நிமோனியாவுக்கான ஊசியும் டாக்டர்கள் சொல்கிறார்கள். கிளெப்சியெல்லாவை அது தடுக்காது, ஆனால் வாசலில் நிற்கிற பல பேரில் முக்கியமான ஒருவனையாவது தடுக்கும். தேறினதும் நான் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் "எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இன்னும் நழுவிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அடுத்த மழைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.